வண்ணம் இலையோடு வரட்டும்!



பகல் உணவு மணி அடித்ததும் நம் பள்ளி வேப்பமரத்தடியில் டிபன் டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ஓசையை அன்றாடம் கேட்பவர்கள் நீங்கள். யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காதவர் நம்மில் யார்? அந்த மரத்தடியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அதைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. என் பாட்டி சோற்றுடன் முருங்கைக்கீரைப் பொரியல் வைத்து அனுப்பியிருந்தார். பக்கத்தில் இருந்த தோழியின் டப்பாவில் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் கேசரி. என் டப்பாவிலோ கரும்பச்சையாய்ச் சுருண்டு கிடந்த கீரை. "ஐயே, ஆட்டுக்குப் போடுற தழை!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு, யாரும் பாராத நேரத்தில் கீரையை மரத்தடியில் கொட்டிவிட்டேன்.

மாலையில் வீட்டுக்குப் போனதும், "பாட்டி, இனிமே எனக்குக் கீரை வைக்காதீங்க, கேசரி செஞ்சு குடுங்க" என்றேன். பாட்டி கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தம்பிக்கு அஞ்சு வயசுல மாலைக்கண்ணு வந்துச்சுட்டி. பொழுது சாஞ்சா சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பான். மத்த பிள்ளைக தெருவுல ஓடி விளையாடும். இவன் திண்ணையிலயே உட்கார்ந்திருப்பான். ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் மாத்தி மாத்திக் குடுத்துத்தான் எங்க அம்மை அவனைத் தேத்துனா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதன் முழுப் பொருள், மேல்வகுப்பில் உயிரியல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் அன்று கொட்டியது வெறும் தழையன்று. அதைப்பற்றிப் படிக்கப் படிக்க எனக்குள் ஓர் எண்ணம் வலுப்பெற்றது. நம் உணவில் வண்ணம் வேண்டும். ஆனால் அந்த வண்ணம் இலையோடும் காயோடும் கனியோடும் வர வேண்டும். செடியைவிட்டுப் பிரிந்து, பொடியாகவும் மாத்திரையாகவும் தனியே வரும் வண்ணத்தை நம்பி நாம் மயங்கலாகாது. இதுவே இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

கண்ணுக்கு ஒளி தரும் மஞ்சள்

இலைகள் பச்சையாக இருப்பது பச்சையத்தால் என்பது நாம் அறிந்ததே. தக்காளியின் சிவப்பும் மாம்பழத்தின் மஞ்சளும் நாவற்பழத்தின் ஊதாவும் அவ்வாறே தாவரங்கள் தமக்காகச் செய்துகொண்ட நிறப்பொருள்களால் உண்டாகின்றன. வெயிலின் கடுமையிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும், வண்டுகளையும் பறவைகளையும் அழைக்கவும் அவை இந்நிறங்களைப் படைத்துக்கொண்டன. அவற்றுள் சில நமக்கும் பயன்படுவது இயற்கையின் கொடை என்றே சொல்ல வேண்டும்.

இவற்றுள் மனிதனுக்குப் பயன்படுவது என ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது பீட்டா கரோட்டீன் என்னும் மஞ்சள் நிறப்பொருள். 1831-ஆம் ஆண்டில் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதைக் காரட்டிலிருந்து பிரித்தெடுத்தார். காரட்டின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. நூறாண்டுகள் கழிந்து, உண்ட கரோட்டீன் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது என்பதை 1930-இல் தாமஸ் மூர் என்ற ஆங்கிலேயர் எலிகளைக் கொண்டு காட்டினார். அதன் வேதியியல் அமைப்பைக் கண்டறிந்த சுவிட்சர்லாந்தின் பால் காரர் 1937-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வைட்டமின் ஏ கண்ணில் என்ன செய்கிறது? நம் விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே ரொடாப்சின் என்னும் ஒரு பொருள் உண்டு. ஒரு புரதமும் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டான ஒரு பொருளும் சேர்ந்ததே ரொடாப்சின். ஒளி பட்டதும் அது பிரிகிறது. அந்தப் பிரிவே மூளைக்குச் செய்தியாகச் செல்கிறது. பிறகு அது மீண்டும் சேர வேண்டும். உடலில் வைட்டமின் ஏ குறைந்தால் அச்சேர்க்கை தடைப்படும். பகலில் பார்வை சரியாகவே இருக்கும். பொழுது சாய்ந்தால் உலகம் இருண்டுவிடும். பாட்டியின் தம்பி சுவரைத் தடவி நடந்ததன் காரணம் இதுவேயாம். குறை இன்னும் முற்றினால் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே நிலையாகப் போய்விடும்.

கண்ணோடு இது நிற்பதில்லை. குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்தோல் உறுதியாக இருக்கவும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றாதிருக்கவும் இதே சத்துதான் வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் பிற ஆராய்ச்சியாளர்களும் திருச்சி மாவட்டத்தில் பள்ளி செல்லும் வயதடையாத 15,419 குழந்தைகளிடையே ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 1990-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஓராண்டில் அக்குழந்தைகளிடையே இறப்பு, மற்றக் குழந்தைகளைவிட 54 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய பயனைக் காட்டிவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013-இல் வெளியான ஆய்வு மிகச் சிறிய பயனையே காட்டிற்று. ஆயினும் திருச்சி ஆய்வில் ஒரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது. அங்கே கொடுத்த அளவு, உணவிலிருந்தே பெறக்கூடிய அளவுதான்! கொல்லையில் நிற்கும் மரத்திலிருந்து பெறக்கூடியதை நாம் எவ்வளவு எளிதாக ஒதுக்கித் தள்ளுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பச்சைக்குள் ஒளிந்த மஞ்சள்

"கண்ணுக்குக் காரட் நல்லது" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். கரோட்டீன் மஞ்சள் நிறம். காரட்டும் மஞ்சள் கலந்த சிவப்பு. ஆகவே அது எளிதில் மனத்தில் பதிந்துவிட்டது. பச்சைக்கீரையில் மஞ்சள் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கலாம். பழுத்து உதிரும் வேப்பிலையைப் பாருங்கள். பச்சையம் அழிந்ததும் மஞ்சள் வெளியே தெரிகிறது. அந்த மஞ்சளில் பெரும்பங்கு புதிதாக வந்ததன்று; இலை பச்சையாக இருந்தபோதே அதற்குள் மறைந்து இருந்தது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் நம் நாட்டு உணவுகளின் சத்துகளை அளந்து நூலாக வெளியிட்டிருக்கிறது. அதன் பழைய அட்டவணைப்படி 100 கிராம் காரட்டில் உள்ள கரோட்டீன் 1,890 மைக்ரோகிராம். அகத்திக்கீரையில் 5,400. தண்டுக்கீரையில் 5,520. முருங்கைக்கீரையில் 6,780. நாம் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் கறிவேப்பிலையில் 7,560! 2017-இல் புதிய முறைகளில் அளந்து வெளியிட்ட அட்டவணையில் எண்கள் மாறின. ஆனால் முருங்கைக்கீரை அதிலும் காரட்டைவிட உயரத்திலேயே நிற்கிறது.

எண்களைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. இலையில் உள்ளது முழுவதும் உடலில் சேர்வதில்லை. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டீன், உடலில் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்கு நிகர் என்று அமெரிக்க நிபுணர்கள் 2001-இல் கணக்கிட்டார்கள். அதன்படி ஐம்பது கிராம் முருங்கையிலையிலிருந்து ஏறத்தாழ 280 மைக்ரோகிராம் கிடைக்கும். அதே நிபுணர்கள் நம் வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு வேண்டுமெனச் சொன்னது 700. சமைக்கையில் சிறிது குறையும் என்றாலும், ஒரு சிறு கிண்ணம் பொரியல் ஒருநாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தந்துவிடும் எனலாம். இதற்காக எவரும் கடைக்குப் போக வேண்டியதில்லை!

இங்கே நம் தாய்மாரின் சமையல் முறையை வியக்காமல் இருக்க இயலவில்லை. கரோட்டீன் எண்ணெயில் கரைவது; நீரில் கரைவதன்று. கொழுப்புச் சத்து உடன் இல்லையேல் குடல் அதை ஏற்காது. 2004-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிலருக்குக் காரட்டும் தக்காளியும் கீரையும் கலந்த பச்சைக் கலவையைக் கொழுப்பே இல்லாத குழம்பு ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நிறப்பொருள்கள் இரத்தத்தில் ஏறக்குறைய சேரவே இல்லை. எண்ணெய் சேர்த்துக் கொடுத்தபோது சேர்ந்தன. நம் வீட்டிலோ எண்ணெயில் கடுகு தாளித்து, கீரையை வதக்கி, மேலே தேங்காய் துருவிப் போடுகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படியாத என் பாட்டி செய்வது இதைத்தான்.

சிவப்பும் ஊதாவும் சொல்வது என்ன?

மற்ற நிறங்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். எதைத் துணிந்து சொல்லலாம், எதை அடக்கிச் சொல்ல வேண்டும் என்பதில் கவனமாக இருப்பது நல்லது. ஏனெனில் இத்துறையில் விளம்பரக்காரர்களின் குரல் விஞ்ஞானிகளின் குரலைவிடப் பெரிதாக ஒலிக்கிறது.

கீரை, மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் லூட்டீன் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டு. இது வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. ஆனால் விழித்திரையின் நடுவே, நாம் கூர்ந்து பார்க்கும் இடத்தில் சென்று தங்கி, கூசும் நீல ஒளியை வடிகட்டுகிறது. தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யா ஆகியவற்றின் சிவப்பு லைகோபீன். தக்காளியை எண்ணெயில் வதக்கும்போது அது உடலில் மிகுதியாகச் சேர்கிறது. பச்சைத் தக்காளித் துண்டைவிட நம் தக்காளித் தொக்கு இவ்வகையில் மேலானது!

கத்தரிக்காயின் தோல், நாவற்பழம், கறுப்புக் கவுனி அரிசி ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின். வேதியியல் கூடத்தில் செம்பருத்தி இதழைக் கசக்கி எடுத்த சாற்றில் அமிலம் விட்டால் சிவப்பதையும், காரம் விட்டால் பச்சையாவதையும் கண்டு நாம் கைதட்டினோமே, அந்த மாயம் செய்தது இதுதான். அமெரிக்காவில் 93,600 பெண் செவிலியரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆந்தோசயனின் மிகுந்த உணவை அதிகம் உண்டவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நிறத்தால்தான் குறைந்தது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. பழம் மிகுதியாக உண்பவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையவராக இருக்கலாம் அன்றோ? ஆனால் கத்தரித் தோலைச் சீவி எறியாமல் சமைப்பதற்கும், செட்டிநாட்டுக் கவுனி அரிசியைத் தவிட்டோடு உண்பதற்கும் இது போதிய காரணம் என்பேன். அரிசியைத் தீட்டி வெளுக்கும்போது இந்நிறமும் சத்தும் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகின்றன.

பீட்ரூட்டின் சிவப்பு வேறு இனம். அதற்கு பீட்டலெய்ன் என்று பெயர். பீட்ரூட் சாறு இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதைச் செய்வது பெரும்பாலும் அந்தச் சிவப்பு நிறம் அன்று. நிறமே இல்லாத நைட்ரேட் என்னும் உப்பு. நிறத்தைக் கண்டு நாம் காயைத் தேர்ந்தெடுக்கிறோம். காயோ நாம் காணாத பலவற்றையும் சேர்த்துத் தருகிறது. என் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாவிடில் என்மீது குறை வரும். மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். அது உடலில் எளிதாகச் சேர்வதில்லை. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த சோதனையில், மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தபோது அது சுமார் இருபது மடங்கு மிகுதியாகச் சேர்ந்தது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்திருப்பது நமக்குப் பெருமையே. ஆனால் குர்குமின் எல்லா நோயையும் தீர்க்கும் என்பார் கூற்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளை உண்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதாக 2019-இல் இத்தாலியிலிருந்து செய்தி வந்தது. குழம்பில் ஒரு சிட்டிகை மஞ்சள் நூற்றாண்டுகளாக நம்மோடு வாழ்கிறது. அதைப் பிழிந்தெடுத்துக் குளிகையாக்கி விழுங்குவது வேறு காரியம்.

பிரித்தபோது நேர்ந்த கதை

பிரித்தெடுத்த நிறத்தை நம்பியதால் விளைந்த பெரியதொரு பாடத்தை விஞ்ஞான உலகமே ஒருமுறை கற்றது.

காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களுக்கும், இரத்தத்தில் கரோட்டீன் மிகுந்தவர்களுக்கும் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பலரும் கவனித்திருந்தார்கள். அப்படியானால் புற்றுநோயைத் தடுப்பது பீட்டா கரோட்டீன்தானோ என்ற கேள்வியை 1981-இல் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் சிலர் எழுப்பினார்கள். நல்ல கேள்விதான். சோதித்துப் பார்க்காமல் ஏற்க வேண்டாம் என்று பெரிய ஆய்வுகளையும் தொடங்கினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் மாத்திரையை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தபோது உலகம் திகைத்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் புகைபிடிப்போரும், முன்னர் பிடித்தவர்களும், கல்நார்த் தொழிலில் இருந்தவர்களுமாக 18,314 பேரிடையே நடந்த மற்றோர் ஆய்வில் அது 28 விழுக்காடு கூடியது. மேலும் தீங்கு விளையாதிருக்க, குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே 1996-இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

காரட்டும் கீரையும் உண்ட புகைபிடிப்போருக்கு இத்தகைய தீங்கு விளைந்ததாகக் காணப்படவில்லை. ஏன் இந்த வேறுபாடு? மாத்திரையில் இருந்த அளவு, சாதாரண உணவில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு. அதுவும் ஒரே ஒரு பொருள். கீரையிலோ நூற்றுக்கணக்கான பொருள்கள், நாரும் நீரும் உப்புகளும் சேர்ந்து, தத்தம் அளவில் அடங்கி இருக்கின்றன. குழுப்பாட்டில் ஒருத்தியை மட்டும் பிடித்து ஒலிபெருக்கியின் முன் நிறுத்திக் கத்தச் சொன்னால் அது பாட்டாகுமா?

இதனால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறைபாடு உள்ள குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பது உயிர்காக்கும் செயல். அதற்கென்றே நம் நாட்டில் 1970-இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவர் அறிந்து தருவது வேறு. விளம்பரத்தைக் கண்டு நாமே வாங்கி விழுங்குவது வேறு.

கேசரியின் ஆரஞ்சு

இனி, ஆறாம் வகுப்பில் நான் பொறாமைப்பட்ட அந்தக் கேசரிக்கு வருவோம். கேசரி என்ற சொல்லே குங்குமப்பூவைக் குறிப்பது. குங்குமப்பூவின் நிறமும் கரோட்டீன் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் நம் வீடுகளில் கேசரிப் பவுடர் என்று வாங்குவதில் குங்குமப்பூ இல்லை. பெரும்பாலும் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என்னும் செயற்கைச் சாயங்களே உள்ளன.

இவை அனுமதி பெற்ற சாயங்கள்தாம். குறித்த அளவுக்குள் பயன்படுத்தினால் உடனே கேடு விளைக்கும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆயினும் 2007-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, இத்தகைய சாயங்கள் சிலவும் ஒரு பதப்பொருளும் கலந்த பானத்தைக் குடித்த குழந்தைகளிடையே அமைதியின்மை சற்றுக் கூடியதைக் கண்டது. அதன்பின் 2010 முதல் ஐரோப்பிய நாடுகளில் அச்சாயங்கள் கலந்த உணவுகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டியதாயிற்று. அனுமதியே பெறாத சாயங்களின் கதை இன்னும் மோசம். துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் பஞ்சுமிட்டாயில் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் பின் தமிழ்நாட்டிலும் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். திருவிழாக் கடையில் நாம் ஆசையோடு வாங்கித் தின்ற அந்த இளஞ்சிவப்பு!

ஆனால் சாயத்தின்மேல் என் முதற் குற்றச்சாட்டு நஞ்சு என்பதன்று, பொய் என்பதே. மனிதனின் கண் பழுத்த கனியின் சிவப்பையும் மஞ்சளையும் கண்டு, "இங்கே சத்து இருக்கிறது" என்று அறிந்துகொள்ளப் பழகியது. சாயப் பொடி அதே செய்தியைக் கண்ணுக்குச் சொல்கிறது. உள்ளேயோ ரவையும் சர்க்கரையும் மட்டுமே. கரும்பச்சைக் கீரை உண்மையைச் சொல்லியும் நாம் சிரித்தோம். ஆரஞ்சுப் பொடி பொய்யைச் சொல்லியும் நாம் ஆசைப்பட்டோம். ஆண்டுக்கொருமுறை பிறந்தநாளுக்குக் கேசரி உண்பதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. கீரையை இகழ்ந்து கேசரியைப் புகழும் மனம்தான் மாற வேண்டும்.

சில மறுப்புகள்

"கீரை ஆய நேரம் யாருக்கு இருக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. முருங்கைக்கீரையை ஒவ்வோர் ஈர்க்காக உருவி முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஆகிவிடும். அந்த அரைமணி பெரும்பாலும் அம்மாவின் தலையிலோ நம் தலையிலோதான் விழுகிறது. அண்ணனும் தம்பியும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்பார்வை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவென்றால் கீரை ஆய்வதும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். முறத்தை நடுவில் வைத்து வீட்டார் நால்வரும் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். என் வீட்டில் தம்பியை உட்காரவைத்து இதை நான் செய்தே காட்டியிருக்கிறேன். முதல் நாள் முணுமுணுத்தான். இப்போது என்னைவிட வேகமாக உருவுகிறான்.

"கடைக் கீரையில் பூச்சிமருந்து அடிக்கிறார்களே" என்பார்கள். நன்றாகப் பலமுறை அலசினால் ஓரளவு நீங்கும். அதனினும் மேலானது நம் கொல்லையில் வளர்ப்பது. முருங்கைக்கு விதைகூட வேண்டாம். ஒரு கிளையை வெட்டி நட்டால் மழைக்காலத்தில் துளிர்த்துவிடும்.

"கீரை ஏழைகளின் உணவு" என்று சிலர் நினைக்கிறார்கள்; வாய்விட்டுச் சொல்வதில்லை. உண்மையில் இதுவே எல்லா மறுப்புகளுக்கும் வேர். என்னைக் கீரையைக் கொட்டவைத்ததும் இதுதான். விலை குறைந்தது தரத்திலும் குறைந்தது என்ற எண்ணம் நம் மனத்தில் எப்படியோ புகுந்துவிட்டது. இதே முருங்கையிலையைப் பொடியாக்கி அழகிய டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கும்போது, அது சத்துணவாகிவிடுகிறது! மரத்தடியில் இருந்தால் ஆட்டுத் தழை. டப்பாவுக்குள் போனால் அரும்மருந்தா?

நாம் செய்யக்கூடியது

நாளொன்றுக்கு 400 கிராமாவது காய்கனிகள் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம்முடைய தட்டுகளை நாமே நேர்மையாகப் பார்த்தால் எவ்வளவு பின்தங்கி இருக்கிறோம் என்பது விளங்கும். பெரிய திட்டங்களைத் தீட்ட எனக்குத் தகுதியில்லை. ஆனால் நம் பள்ளியளவில் மூன்று யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, விளையாட்டு மைதானத்தின் பின்மதிலோரம் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் வகுப்புக்கு ஒரு முருங்கைக் கிளை நடுவோம். அதற்கு நீர் ஊற்றுவது அந்தந்த வகுப்பின் பொறுப்பாகட்டும். இரண்டாவது, விடுதியில் வாரத்தில் இரண்டு நாட்களாவது கீரை சமைக்குமாறு விடுதிச் சிஸ்டரைக் கேட்போம். கீரை ஆயும் வேலையை மாணவியராகிய நாமே ஏற்போம். மூன்றாவது, வாரம் ஒருநாள் எல்லாருடைய டப்பாவிலும் இயற்கையான வண்ணம் ஏதேனும் ஒன்று இருக்கட்டும். பீட்ரூட்டோ, கத்தரிக்காயோ, பரங்கிக்காயோ, கீரையோ எதுவானாலும் சரி. ஆப்பிள் வாங்க வசதியில்லாதவள் நாணாமல் இருக்கவும், வசதியுள்ளவள் கீரையின் அருமையை அறியவும் அந்த ஒருநாள் உதவும்.

சென்ற மாதம் வேப்பமரத்தடியில் ஓர் ஆறாம் வகுப்புத் தங்கையைக் கண்டேன். டப்பாவை மூடியால் பாதி மறைத்துக்கொண்டு, குனிந்தபடி உண்டுகொண்டிருந்தாள். உள்ளே என்னவென்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அருகில் உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் தருவியா?" என்றேன். தயங்கித் தயங்கி மூடியை எடுத்தாள். அகத்திக்கீரை. தேங்காய் தூவியிருந்தது. நான் உண்பதைக் கண்டு இன்னும் இரண்டு பேர் கை நீட்டினார்கள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் இதே மரத்தடியில் நான் கொட்டிய கீரைக்கு ஒருவாறு கணக்குத் தீர்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "நாளைக்கு உனக்கும் அதான்" என்றார்.

தோழியரே, மாலை மயங்கும் நேரத்தில் பந்து விளையாடும் கண்கள் நம்முடையவை. அந்தக் கண்களுக்கு ஒளி தரும் மஞ்சள் நம் கொல்லைப் பச்சைக்குள்ளேயே இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து, தலை நிமிர்ந்து உண்போம்!